கோடாரி அலோய்ஸ்

அலோய்ஸ் ஹாய்டுக் மோட்டார்சைக்கிள் பந்தயத் தடத்தில் இறங்கிய முதல் வாரத்திலேயே அவனுடைய காறை எலும்பை உடைத்துப் போட்டார்கள். உடைத்தவன் எதிரணிக்காரன் அல்ல, சொந்த அணியின் மூத்த வீரன். வெறும் பயிற்சி ஓட்டம்தான். வளைவில் இடம் விடாமல் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு வந்தான் என்பதற்காக, முழங்கையால் ஒரு இடி இடித்து அவனைப் பலகை வேலியில் கொண்டுபோய்ச் சாத்திவிட்டு, வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்துச் சொன்னான்:

"ஒதுங்குன்னா ஒதுங்கணும்டா, இடி விழுந்தவனே."

நிலக்கரிச் சுரங்க நாடான சிலேசியாவில் இடி விழுவது திட்டாகவும் வரும், கொஞ்சலாகவும் வரும். அன்று அது கொஞ்சல் இல்லை.

ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்த அன்று, அலோய்ஸ் அதே வளைவில் அதே ஆளை அதே வேலிக்குள் அனுப்பினான். மூன்று விலா எலும்பு, ஒரு மணிக்கட்டு. ராடோஷ் அணியின் மேலாளர் வாயில் சிகரெட்டோடு ஓடிவந்து, விழுந்தவனைப் பார்த்தார், நின்றவனைப் பார்த்தார். திட்டுவார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவரோ விழுந்தவனின் பெயரைத் தாளில் அடித்துவிட்டு ஹாய்டுக் என்று எழுதினார். 1966, ஏப்ரல் மாதம். அலோய்ஸுக்குப் பத்தொன்பது வயது.

அந்த வண்டிகளுக்கு பிரேக் கிடையாது. வேகத்தைக் குறைக்க வேண்டுமென்றால் வண்டியைச் சாய்த்து, இரும்பு அடி போட்ட இடது காலைத் தரையில் ஊன்றி, பின்சக்கரத்தை வெளிப்பக்கம் வழுக்க விட வேண்டும். நான்கு பேர், நான்கு சுற்று, ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். அந்த ஒரு நிமிடத்தில் முதல் வளைவுக்குள் யார் முதலில் நுழைகிறானோ அவன் பாதி ஜெயித்தவன். மற்றவர்கள் அந்த இடத்தைத் திறமையால் பிடித்தார்கள். அலோய்ஸ் ஆளை அப்புறப்படுத்திப் பிடித்தான். உள்பக்கமாக நுழைவான், ஹேண்டில்பாரை நேராக நிமிர்த்துவான், அவ்வளவுதான். பக்கத்தில் வந்தவனுக்கு இரண்டே வழி: ஆக்சிலேட்டரை விட்டுப் பின்வாங்க வேண்டும், இல்லாவிட்டால் வேலியை முத்தமிட வேண்டும்.

எட்டு வருடத்தில் அவன் அனுப்பிவைத்த ஆட்களைக் கொண்டு ஒரு மருத்துவமனை வார்டையே நிரப்பியிருக்கலாம். அவன் உடம்பும் சும்மா இருக்கவில்லை. இரண்டு தொடை எலும்பிலும் எஃகுத் தகடு. இடது கையில் சுண்டுவிரல் இல்லை, எவனுடைய சங்கிலியிலோ போயிற்று. ஜனங்கள் அவனுக்குக் கோடாரி என்று பெயர் வைத்தார்கள். ஓட்டம் தொடங்குமுன் பன்னிரண்டாயிரம் தொண்டைகள் ஒரே குரலில் "வெட்டு! வெட்டு!" என்று கத்தும்போது அவன் உடம்பில் மயிர்க்கூச்செடுக்கும். ஊரில் வேறு எந்தச் சத்தமும் அவனை அப்படித் தொட்டதில்லை, தன் கல்யாணத்தில் அடித்த மாதாகோயில் மணி உட்பட.

கல்யாணம் ட்ராவுதாவோடு. அவள் அண்ணன் கெரார்ட் ஷிமுராதான் அணித்தலைவன், ஓட்டத்தில் அலோய்ஸுக்கு ஜோடி. இருவரும் எண்ணெயும் தண்ணீரும்தான், ஆனால் ஒரே குப்பியில் இருந்த எண்ணெயும் தண்ணீரும். கெரார்ட் யாரையும் தொடமாட்டான். வேலியிலிருந்து ஒரு சாண் தள்ளி, வெளிப்பக்கமாக, கம்பியில் தொங்குகிற துணி காற்றில் போவதுபோலப் போவான். தடத்தில் வேறு யாருமே தொடாத ஒரு பட்டை அங்கே இருந்தது, அது அவனுக்கு மட்டும் எழுதிவைத்த சொத்து.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மாமியார் வீட்டில் உருளைக்கிழங்கு உருண்டையும் சுருட்டிய மாட்டிறைச்சியும் சாப்பிட்டுவிட்டு இருவரும் ஒன்றாகவே மைதானத்துக்குக் கிளம்புவார்கள்.

"மச்சான், ஒண்ணு கேக்கட்டுமா?" என்பான் கெரார்ட். "அத்தன அகலத் தடம் கெடக்குது. ஆள் மேல ஏறித்தான் போகணுமா உனக்கு?"

"நீ கோயில் ஊர்வலம் போற மாதிரி ஓரமா போயிக்கோ. உனக்கு வழி யாரு தொறந்து விடறா? நான்தானே?"

"அது சரி. ஆனா ஒரு நாள் நீ தொறக்கற கதவு என் மூஞ்சியில அடிக்கப்போவுது."

"அடிச்சா அழகாத்தான் இருக்கும். இந்த மூஞ்சிக்கு அதுவே மேல்."

ட்ராவுதா சிரித்துக்கொண்டே இருவர் தலையிலும் கைத்துண்டால் அடிப்பாள்.

1974 செப்டம்பரில் அந்தப் பருவத்தின் கடைசிப் பந்தயம் க்ரூஷெவோ அணியோடு. க்ரூஷெவோ ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது. அந்த ஊர்க்காரனுக்குப் பெண் கொடுக்கிற வீடு ராடோஷில் கிடையாது. மைதான வாசலில் காலையிலேயே இரண்டு பேருந்துக் கண்ணாடி உடைந்தது. பன்னிரண்டு ஓட்டம் முடிந்தபோது இரண்டு அணியும் சமம். மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று.

அந்த ஓட்டத்தில் அலோய்ஸுக்குச் சிவப்பு ஹெல்மெட், கெரார்டுக்கு நீலம். க்ரூஷெவோவின் நட்சத்திரம் போகுமில் ஸ்ரோகாவுக்கு வெள்ளை. நான்காவது ஆளின் வண்டி புறப்படும்போதே அணைந்துபோனது, அதனால் அவன் கதையில் இல்லை.

ஸ்ரோகா ஒல்லி. அலோய்ஸ் அவனை அந்த வருடம் இரண்டு தடவை வீழ்த்தியிருந்தான், இரண்டு தடவையும் எழுந்து வந்து ஓட்டினான். அதுதான் அலோய்ஸுக்குப் பொறுக்கவில்லை.

புறப்பாட்டுக் கோட்டில் கட்டியிருந்த நாடா மேலே எகிறியது. மூன்று எஞ்சினும் ஒரே தொண்டையாகக் கத்தின. முதல் வளைவுக்குள் ஸ்ரோகா முதலில் நுழைந்தான். வெயிலில் காய்ந்திருந்த தடம் தூளைக் கிளப்பி மூவரையும் மூடியது. அலோய்ஸ் உள்பக்கத்தில், ஸ்ரோகாவின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் இருந்தான். முகத்தில் சரளை மழை. 'இந்தத் தடவை எழுந்திருக்கமாட்டே' என்று நினைத்தது அவனுக்குத் தெளிவாக நினைவிருந்தது. இரண்டாம் வளைவில் ஹேண்டில்பாரை நிமிர்த்தி, ஆக்சிலேட்டரைக் கடைசிவரை முறுக்கி, ஸ்ரோகாவின் விலாவைப் பார்த்து வண்டியை விட்டான்.

விலா அங்கே இல்லை. ஸ்ரோகா ஆக்சிலேட்டரை விட்டுவிட்டான். அவன் இருந்திருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. அலோய்ஸின் வண்டி அந்தக் காலி இடத்தைக் குறுக்கே கடந்து, தடத்தின் வெளி ஓரத்தில், தன் பட்டையில் பறந்து வந்துகொண்டிருந்த கெரார்டின் முன்சக்கரத்தில் மோதியது.

சத்தம்கூடப் பெரிதாக இல்லை. கதவு சாத்துகிற மாதிரி ஒரு சத்தம். கெரார்டின் வண்டி எழும்பியது. கெரார்ட் வண்டியைவிட முன்னதாகப் போய்ப் பலகைகளை உடைத்துக்கொண்டு பின்னால் இருந்த கம்பத்தில் தலையால் இறங்கினான். மோதிய வேகத்தில் அலோய்ஸின் வண்டி உள்பக்கம் தெறித்து வந்து, ஒரு குலுக்கு குலுக்கி, நிமிர்ந்து, விழாமல் ஓடியது. பின்னால் வந்த ஸ்ரோகா கீழே கிடந்த வண்டியில் மோதி உருண்டான்.

தூள் அடங்கியபோது பன்னிரண்டாயிரம் பேர் கண்டது இதுதான்: சிவப்பு ஹெல்மெட் முன்னால் தனியாகப் போகிறது. நீலமும் வெள்ளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வேலியடியில் கிடக்கின்றன. கோபுரத்தில் இருந்த நடுவரும் அதையேதான் கண்டார். பந்தயத்தை நிறுத்தி, வெள்ளை விளக்கைப் போட்டார். வெள்ளை விளக்கென்றால் குற்றவாளி ஸ்ரோகா.

அலோய்ஸ் வண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். கெரார்டின் கால்கள் தடத்தில் இருந்தன. மற்றதை வைத்தியர் கோட்டால் மூடிக்கொண்டிருந்தார். கோட்டின் ஓரம் மெல்லச் சிவந்து வந்தது. மூடியதைத் திறந்து பார்க்க அலோய்ஸ் குனிந்தான், வைத்தியர் அவன் கையைத் தட்டிவிட்டார்.

"வேண்டாம்பா. பாக்காத."

அதற்குள் ஜனம் வேலியைத் தாண்டிவிட்டது. காவலர்கள் ஏழு பேர்தான். ஸ்ரோகா எழுந்து உட்கார்ந்து, ஒரு கையால் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவன் அதைக் கழற்றியிருக்கக்கூடாது. முதல் ஆள் பூட்ஸ் காலால் அவன் வாயில் உதைத்தான். சுற்றி ஒரு முப்பது பேர் ஆனார்கள். உடைந்த வேலிப் பலகை ஆளுக்கொன்று கிடைத்தது, சிலதில் ஆணி இருந்தது. ஒருவன், தோள் அகன்றவன், ஒரு செங்கல்லோடு நின்றவன், அடிப்பதற்கு முன் திரும்பி அலோய்ஸைப் பார்த்தான். கூட்டமும் ஒரு நொடி கையை நிறுத்தியது.

"அலோய்ஸ்! இவன்தானே?"

அலோய்ஸ் பத்தடி தள்ளி நின்றான். ஸ்ரோகாவும் அவனைப் பார்த்தான். வாயெல்லாம் ரத்தம், பேச வரவில்லை. அவன் வலது கை தரையில் விரிந்து கிடந்தது.

"ஆமா," என்றான் அலோய்ஸ்.

செங்கல் அந்தக் கையின்மேல் இறங்கியது. ஒருமுறை அல்ல. அப்புறம் முகம். காவலர்கள் தடியால் வழிபண்ணி உள்ளே போய்ச் சேர்ந்தபோது ஸ்ரோகாவின் இடது கண் கண்ணாக இல்லை. அலோய்ஸ் கடைசிவரை அங்கேயே நின்றான். அவன் காதில் எஞ்சின் இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. எல்லா வண்டியும் எப்போதோ அணைந்திருந்தது.

அடக்கத்தன்று சுரங்கத்தின் பித்தளை வாத்தியக்காரர்கள் முன்னால் போனார்கள். மாமியார் அலோய்ஸின் கையைப் பிடித்து முத்தமிட்டு, "எம்புள்ள கூடவே இருந்தியேப்பா," என்று அழுதாள். ட்ராவுதா அவன் தோளில் சாய்ந்து நின்றாள். அவள் வயிற்றில் ஆறுமாதம். பிறந்த பையனுக்கு கெரார்ட் என்றே பெயர் வைத்தார்கள்.

அடுத்த வருடம் அலோய்ஸைத் தலைவனாக்கினார்கள். அதற்குப் பிறகு அவன் ஓட்டியது பந்தயமே அல்ல என்பார்கள் பார்த்தவர்கள். ஆளைத் தேடிப்போய் இடித்தான். முன்னால் தனியாக ஓடி ஜெயிக்கிற ஓட்டத்தில்கூட வேகத்தைக் குறைத்து, பின்னால் வருகிறவன் எட்டும்வரை காத்திருந்து இடித்தான். இரண்டு பருவத்தில் பதினோரு முறை தானே வேலியில் மோதினான். ஒருமுறை நுரையீரலில் விலா குத்தி, வாயில் நுரையோடு எழுந்து, மறுபடி ஓட்டக் கேட்டான். தூக்குப்படுக்கைக்காரர்கள் அவனைக் கட்டித்தான் தூக்கிப்போனார்கள். ஜனங்கள் மெய்மறந்து கத்தினார்கள். 'மச்சானுக்காக எப்படி ஓட்டுகிறான் பார்' என்றார்கள்.

1976 ஜூன் மாதம், க்ரூஷெவோவில் பந்தயம். மழை வந்து ஓட்டம் ஒரு மணி நேரம் தள்ளிப்போயிற்று. வண்டிக் கொட்டகையில் அலோய்ஸ் சங்கிலியை இறுக்கிக்கொண்டு குனிந்திருந்தபோது, யாரோ வந்து பக்கத்தில் நின்றார்கள். எண்ணெய்க் கறை படிந்த நீல மேலங்கி. வலது கை விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கொக்கியாக வளைந்திருந்தன. நிமிர்ந்தான். ஒரு கண் பார்த்தது, மற்றது கண்ணாடி. ஸ்ரோகா அங்கே மெக்கானிக்காக வேலை பார்க்கிறான் என்று அலோய்ஸுக்குத் தெரியும். இரண்டு வருடமாக அந்த முகம் எதிரே வராதபடி சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தான்.

அலோய்ஸ் கையில் இருந்த ஸ்பேனரை இறுக்கிப் பிடித்தான். அடிக்கத்தான் வருகிறான் என்று நினைத்தான். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தான்.

"ஹாய்டுக், சண்டைக்கு வரல," என்றான் ஸ்ரோகா. "ரெண்டு வருஷமா ஒண்ணு சொல்லணும்னு இருக்கேன். வர தைரியம் இல்ல."

"என்ன?"

"நீ வர சத்தம் கேட்டுச்சு எனக்கு. இடிக்கத்தான் வர்றன்னு தெரியும். மூணாவது தடவை விழ பயமா இருந்துச்சு, ஆக்சிலேட்டர விட்டுட்டேன். நான் விடாம அந்த அடிய வாங்கியிருந்தா, உன் மச்சான் பொழச்சிருப்பான். கண்ண மூடினா அதுதான் வருது. ஜனங்க அடிச்சது தப்பு இல்லன்னு தோணுது சில நேரம்." "உங்க வீட்டம்மாகிட்ட சொல்லு. நான் மன்னிப்பு கேட்டேன்னு சொல்லு."

அலோய்ஸுக்குக் கண் இருண்டது. ஏசியிருந்தால் தாங்கியிருப்பான். காறித் துப்பியிருந்தால் துடைத்துக்கொண்டிருப்பான். அவன் ஸ்ரோகாவின் வாயில் குத்தினான். விழுந்தவன் மேல் ஏறி உட்கார்ந்து, "வாய மூடு, வாய மூடு, வாய மூடுடா!" என்று கத்திக்கொண்டே குத்தினான். ஐந்து பேர் இழுத்தும் நகரவில்லை. ஆறாவது ஆள் இரும்புக் கம்பியால் முதுகில் அடித்த பிறகுதான் விட்டான். ஸ்ரோகா ஒரு அடிகூடத் திருப்பி அடிக்கவில்லை. தனக்குச் சேரவேண்டியதை வாங்கிக்கொள்கிறவன் போலக் கிடந்தான்.

மூன்று நாள் கழிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ட்ராவுதா அடுப்படியில் மதியச் சாப்பாட்டுக்கு இறைச்சியைச் சுத்தியால் தட்டிக்கொண்டிருந்தாள். அலோய்ஸ் எதிரில் வந்து உட்கார்ந்து, மேசையில் கையை வைத்து, முதல் வளைவிலிருந்து 'ஆமா' வரை ஒன்றுவிடாமல் சொன்னான். அவள் தட்டுவதை நிறுத்தவில்லை. சொல்லி முடித்த பிறகும் நான்கைந்து தட்டுத் தட்டினாள். ஐந்தாவது தட்டு அவன் கையின்மேல் விழுந்தது. ஆறாவதும். எலும்பு நொறுங்கிய சத்தம் இருவருக்கும் கேட்டது. அவன் கையை எடுக்கவில்லை.

"எங்கம்மா உன் கைக்கு முத்தம் குடுத்தா," என்றாள். குரல் ஏறவேயில்லை. "இந்தக் கைக்கு."

"ட்ராவுதா..."

"என் பேர சொல்லாத. எங்கிட்ட எதுக்கு சொல்ற? நானா அவன் கண்ண நோண்டுனேன்? கத்துனாங்கல்ல, வெட்டு வெட்டுன்னு, அவங்ககிட்ட போய் சொல்லு. சொல்லிட்டு உயிரோட இருந்தா பாப்போம்."

அவள் பையனைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். இறைச்சி மேசையிலேயே கிடந்தது.

அன்று மாலை நான்கு மணிக்கு ராடோஷ் மைதானத்தில் பந்தயம். தொடங்குமுன் இரண்டு அணியும் தடத்தில் வரிசையாக நிற்கும், தலைவன் ஒலிபெருக்கியில் நாலு வார்த்தை வணக்கம் சொல்வான். அலோய்ஸ் நொறுங்கிய கையைத் துணியால் சுற்றிக்கொண்டு மற்றக் கையால் ஒலிவாங்கியை வாங்கினான்.

"கெரார்ட இடிச்சது நான்," என்றான். "ஸ்ரோகா இல்ல. ஸ்ரோகாவ இடிக்கப் போனேன், அவன் விலகிட்டான், கெரார்ட் மேல போனேன். நீங்க கேட்டப்போ பொய் சொன்னேன். அவன் ஒண்ணும் பண்ணல. சும்மா இருந்தவன அடிச்சோம்."

யாரோ சிரித்தார்கள். மேலாளர் ஓடிப்போய் வயரைப் பிடுங்கினார். ஆனால் சொன்னது சொல்லியாயிற்று. பிறகு கிழக்குப் பக்கப் படிகளில் ஒரு குரல் எழுந்தது: "பொய்! க்ரூஷெவோக்காரன்கிட்ட காசு வாங்கிட்டான்!" அந்தக் குரலுக்கு நூறு குரல் சேர்ந்தது. அவனைக் கோபித்தவர்களில் பாதிப் பேர் நம்பாததால் கோபித்தார்கள். மீதிப் பேர் நம்பியதால் கோபித்தார்கள். அவர்கள்தான் முதலில் வேலி தாண்டினார்கள்.

அந்தத் தோள் அகன்றவனும் வந்தான். இந்தத் தடவை அவன் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கொடிக்கம்பால் அலோய்ஸின் முழங்காலில் அடித்தான், விழுந்ததும் மறுபடி அதே முழங்காலில் அடித்தான். மற்றவர்கள் மற்ற இடங்களை எடுத்துக்கொண்டார்கள். "எங்கள என்னடா பண்ணிட்ட! எங்கள என்னடா பண்ணிட்ட!" என்று ஒருவன் அழுதுகொண்டே அவன் தாடையில் மிதித்தான். அலோய்ஸ் தலையைக் கையால் மூடிக்கொள்ளவில்லை. மூடலாம் என்று தோன்றியது. செங்கல் விழுந்தபோது ஸ்ரோகாவுக்கு மூடிக்கொள்ளக் கை இருந்ததா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே நினைவு தப்பிவிட்டது.

பிழைத்தான். தாடையைக் கம்பியால் கட்டினார்கள். வலது முழங்காலைத் திறந்து பார்த்த வைத்தியர், இனி இது மடங்காது, வண்டி என்ற பேச்சே வேண்டாம் என்றார். பந்தயச் சங்கம் ஒரு காகிதத்தில் அவனுக்கு ஆயுள்தடை போட்டு அனுப்பியது. இன்னொரு காகிதத்தில் 1974இன் தீர்ப்பு மாற்றப்படாது என்றது.

மூன்றாவது வாரம், பார்வையாளர் நேரத்தில், ஸ்ரோகா வந்தான். கட்டிலருகே நின்று ஒற்றைக் கண்ணால் அவனைப் பார்த்தான்.

"ரெண்டு வருஷம்," என்றான். "ரெண்டு வருஷமா நான் ஒரு ஆள கொன்னுட்டேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். கண்ணு போனது பெருசில்ல, கை போனது பெருசில்ல. குத்தம் உன்னோடதுன்னு ஒரு வார்த்த சொல்லாம எப்பிடிடா விட்டு வச்ச? உன்கிட்ட வந்து மன்னிப்பு கேட்டேனே. அப்பவும் அடிச்சியே."

கம்பி கட்டிய வாயால் அலோய்ஸ் ஏதோ முனகினான். ஸ்ரோகா குனிந்து, தன் நல்ல கையைக் கட்டுப்போட்ட முழங்காலின்மேல் வைத்து, உடம்பின் பாரம் முழுவதையும் அதில் இறக்கினான். பற்களுக்கு நடுவிலிருந்து வந்த அலறல் தாழ்வாரம்வரை போயிற்று. ஸ்ரோகா எடுக்கவில்லை. அலோய்ஸின் முகம் வியர்த்து வெளிறி, கட்டில் கம்பியைப் பிடித்த கை தளர்கிறவரை அழுத்தினான்.

"வலிக்குதா?"

தலையசைப்பு.

"சரி," என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

கதவுக்கு வெளியே ட்ராவுதா நின்றிருந்தாள். கையில் தூக்குப் பாத்திரம். அலறலைக் கேட்டும் உள்ளே வராமல் நின்றிருக்கிறாள். அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் ஒதுங்கி அவனுக்கு வழிவிட்டு, "போய்ட்டு வாங்கண்ணே," என்றாள். ஸ்ரோகா ஒரு நொடி நின்றான். தொப்பியைப் போட்டுக்கொண்டு படியிறங்கினான்.

பிறகு அவள் உள்ளே வந்து, முக்காலியை இழுத்துப் போட்டு, கோழிச்சாற்றை ஒரு குவளையில் ஊற்றிக் குழாயை அவன் உதட்டில் வைத்தாள்.

"திரும்ப வருவேன்னு நெனச்சுக்காத," என்றாள். "பையனுக்கு அப்பன் வேணும்னு வரேன். ஞாயித்துக்கெழம மட்டும். அம்மா உன் மூஞ்சியில முழிக்கமாட்டேன்னுட்டா."

அவன் தலையசைத்தான்.

"அந்தாளு இன்னொரு நாள் வந்தாலும் நான் தடுக்கமாட்டேன்."

அதற்கும் தலையசைத்தான். சாறு சூடாக இருந்தது. பாதி உள்ளே போயிற்று, பாதி கன்னத்தில் வழிந்தது. வழிந்ததை அவள் துடைக்கவில்லை. குவளை காலியாகும்வரை குழாயைப் பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தாள்.